பம்பரத்துக்கு விழுந்த பச்சை

மழைக்கும் டேப்புக்கும் ஆகவே ஆகாது.

மூன்றாம் வகுப்பு டீச்சர் இதைக் கண்டுகொண்டது மழைக்காலம் ஆரம்பித்த பிறகுதான். அவள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. தூறல் விழுந்தால் பொரிகடலை வறுக்கிற மாதிரி சத்தம். வலுத்தாலோ, பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவு மட்டும்தான் தெரியும்.

பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பதற்கென்றே அந்த டேப்புகள், அதாவது கையடக்கத் தொடுதிரைக் கணினிகள், பள்ளிக்கு வந்திருந்தன. பெஞ்சுக்கு ஒன்று. பிள்ளை தன் படத்தைத் தொட்டுவிட்டு, திரையில் வரும் பாடத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். டேப் காதுகொடுத்துக் கேட்கும். நன்றாக வாசித்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம், தட்டுத்தடுமாறினால் மஞ்சள், வரவே வராவிட்டால் சிவப்பு. எத்தனை தடவை வாசித்தாலும் அன்றைக்குக் கடைசியாக வாசித்ததுதான் கணக்கு. இரவானதும் வளையங்கள் எல்லாம் மேலதிகாரிகளுக்குப் போய்விடும். தலைமை ஆசிரியரின் அறைச் சுவரிலிருக்கும் திரையிலும் தெரியும்.

மழை வந்ததும் டேப் செவிடாகிவிட்டது. நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்கும் சிவப்பு.

"என்ன டீச்சர், உங்க கிளாஸ் ஒரே ரத்தக்களறியா இருக்கு? யாரையாவது வெட்டிட்டீங்களா?" என்றார் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் அவரைப் 'பெரிய சார்' என்பார்கள். ஆள் என்னவோ ஒல்லி, நாற்காலிதான் பெரிது.

"மழை சார். டேப்புக்குக் காது கேக்கலை."

"அதுக்கு? நான் போய் மழையை நிறுத்தவா? சார்ஜ் போட வீட்டுக்குத்தானே எடுத்துட்டுப் போறீங்க. அங்க அமைதியா இருக்குமில்ல? பாத்து ஏதாவது பண்ணுங்க."

வகுப்பறைச் சுவரெல்லாம் ஈரம் ஊறி, பிளக்கைத் தொட்டாலே சுர்ரென்று அடித்தது. அதனால் டேப்புகளைத் துணிப்பையில் போட்டுச் சுமந்துபோய் வீட்டுச் சமையலறை மேடையில் வரிசையாக நிறுத்திச் சார்ஜ் போடுவது அவள் வழக்கம். அதைத்தான் பெரிய சார் சொன்னார். 'ஏதாவது பண்ணுங்க' என்றால் என்ன பண்ணுவது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவளே ஒரு பிள்ளையின் படத்தைத் தொட்டுக் குரலைக் குறுக்கிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று வாசித்துப் பார்த்தாள். "அருகில் இருக்கும் பெரியவர்கள் தயவுசெய்து அமைதியாக இருக்கவும்" என்றது டேப்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே மூன்றாம் வகுப்பில்தான் அவளும் படிக்கிறாள். தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாது என்பதால் அப்பா வைத்த பெயர் ரேடியோ, வகுப்பிலும் அதுவே நிலைத்துவிட்டது. அப்பாவுக்கு டவுன் பஸ் ஓட்டுகிற வேலை. நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தாலும் ரேடியோவின் சத்தம் அவருக்கு அலுக்காது.

"அம்மா, நான் படிக்கட்டா?"

படித்தாள். தண்ணீர் பட்ட பாடு. நெளிவு சுளிவோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. டேப் பச்சை வளையம் போட்டு, "அருமை!" என்று கைதட்டியது.

நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்குத்தானே, மழையால்தானே போனது, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று டீச்சர் தன் மனசுக்குச் சமாதானம் சொன்னாள். மனசும் அன்றைக்குச் சரியென்று கேட்டுக்கொண்டது. மழை நாட்களில் மட்டும்தான். விடிந்ததும் அந்தப் பிள்ளைகள் வந்து தாங்களே வாசித்துவிடுவார்கள்.

சில நாளில் மூன்றாம் வகுப்பு பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஒரே ஒரு சிவப்பு தவிர.

அந்தச் சிவப்பின் பெயர் பம்பரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் நின்ற இடத்தில் நிற்காமல், உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவள் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்பா இருக்கிறார், எங்கே என்றுதான் தெரியாது. பம்பரத்துக்கு எழுத்துகள் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் டக்டக்கென்று சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் மட்டும் விழி பிதுங்கும். மூன்றாம் வகுப்புவரை அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவே காலையில் ஒரு துணை டீச்சர் வருவாள். வராந்தாவில் பாயைப் போட்டு, எழுத்து அட்டைகளைப் பரப்பி, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். சின்ன வயசு, பொறுமைசாலி. அவளிடம் பம்பரம் இரண்டெழுத்தைச் சேர்க்கிற அளவுக்கு வந்திருந்தாள். 'கல்', 'பல்' என்று வராந்தாவிலிருந்து அவள் கத்துவது வகுப்புக்குள் கேட்கும்.

"பச்சை வயல் மாதிரி இருக்கு டீச்சர். நடுவுல ஒரே ஒரு தக்காளி" என்றார் பெரிய சார். "அந்தத் தக்காளி மட்டும் பழுக்காம இருந்தா நாமதான் முதல்ல."

"மெதுவா வந்துடுவா சார்."

"மெதுவாவா? பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்ச பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடறாங்க, தெரியுமில்ல? இந்தப் பச்சை ஒண்ணுதான் நமக்கு இப்ப கூரை. தகரக் கூரையா இருந்தாலும் கூரை கூரைதானே?"

அன்று சாயங்காலம் டீச்சர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே நசநசவென்று மழை. ரேடியோ மேடைமேல் ஏறி உட்கார்ந்து, வாசிக்க வேண்டியவர்களுக்கெல்லாம் வாசித்து முடித்திருந்தாள்.

"அம்மா, பம்பரத்தோடதையும் படிச்சிடட்டுமா? அவ மட்டும் பாவம், தனியா சிவப்பா இருக்கா."

டீச்சர் நிமிரவில்லை. தோல் அறுபடாமல் நீளமாக வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அந்தக் கிண்ணத்தை இப்படி நகர்த்து" என்றாள்.

ரேடியோவுக்கு அது போதும். கிண்ணத்தை நகர்த்திவிட்டு பம்பரத்தின் படத்தைத் தொட்டாள்.

அப்புறம் அது பல் விளக்குவதுபோல தினசரி வேலையாகிவிட்டது. பம்பரம் பகலில் வாசித்துச் சிவப்பு வாங்குவாள். சாயங்காலம் அது பச்சையாகும். பச்சை நிலைத்துவிட்டால் டேப் என்ன செய்யும் என்பதை மட்டும் டீச்சர் யோசிக்கவில்லை. டேப் யோசித்தது. பிள்ளை தேறிவிட்டாள் என்று பம்பரத்தைத் தானாகவே வாசிப்புப் பாடத்தின் மேல்படிக்கு ஏற்றிவிட்டது. துணை டீச்சர் கீழ்ப்படிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அது தெரிந்தது ஒரு திங்கட்கிழமை. பம்பரம் வழக்கம்போல வராந்தாவுக்கு ஓடினாள். பாயில் ஒரு ஓரத்தைத் தட்டி, துணியைச் சரிசெய்துகொண்டு உட்காரப் போனாள்.

"உனக்கு இனிமே வேண்டாம்டா தங்கம். நீ பச்சை! மேல போயிட்டே" என்றாள் துணை டீச்சர் சந்தோஷமாக. கன்னத்தைக்கூடக் கிள்ளினாள்.

பம்பரம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பாயைப் பார்த்தாள். அட்டைகளைப் பார்த்தாள். பிறகு வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அவள் சுற்றி யாரும் பார்க்கவில்லை.

'வகுப்பு அமைதியாயிடுச்சு' என்று பக்கத்து வகுப்புக்காரர்கள் பாராட்டினார்கள். டீச்சர் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் பம்பரத்தைக் கூப்பிட்டுத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அட்டையை நீட்டி, "சொல்லு கண்ணு" என்றாள். பம்பரம் வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

துணை டீச்சரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "பம்பரத்தைச் சும்மா பக்கத்துல உக்கார வச்சுக்கயேன், உனக்கென்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லைக்கா. ஆனா என் நேரத்தையும் ஒரு டேப்தான் எண்ணுது. பட்டியல்ல இருக்கிற பிள்ளைக்குத்தான் நேரம் ஒதுக்கும். வெள்ளிக்கிழமை அடுத்த பட்டியலை மூடறாங்க. அதுல வந்துட்டா ஆச்சு. இல்லைன்னா நடுவுல புதுசா யாரையும் சேர்க்க மாட்டாங்க. இனி அடுத்த வருஷம்தான். நாலாங்கிளாசுக்கு இதெல்லாம் கிடையாது." சொல்லிவிட்டு அவள் விழித்தாள். "அவளுக்கு எதுக்குக்கா? அவதான் பச்சையாச்சே?"

டீச்சர் வகுப்பைப் பார்த்து நடந்தாள்.

அன்று மாலை பள்ளி வாசலில் பம்பரத்தின் அம்மா நின்றிருந்தாள். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். கையெல்லாம் நீராவியில் வெந்து சிவந்திருந்தது.

"டீச்சர், ஒரு நிமிஷம்! இதைக் கேட்டீங்களா?" போனை நீட்டினாள். பெற்றோருக்கெல்லாம் பள்ளியிலிருந்து போகிற குரல் செய்தி அது. 'வணக்கம். உங்கள் பிள்ளை வாசிப்பில் சிறந்து விளங்குகிறார். வாழ்த்துகள்' என்றது ஒரு பெண் குரல்.

"கடையில எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டேன் டீச்சர். எங்க முதலாளி இருக்காரே, சிரிக்கிறதுக்குக்கூட கணக்குப் பாக்கற மனுஷன், அவரே சிரிச்சாரு. எனக்கு எழுத்துன்னா துணியில குத்தற நம்பர் சீட்டு மட்டும்தான் தெரியும். இவளாவது..." டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

அந்தக் கை சூடாக இருந்தது. டீச்சர் கையை உருவிக்கொண்டு, "பஸ் வந்துடும்மா" என்றாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

வீட்டில் அன்று இரவுச் சாப்பாடு ரொட்டியும் உருளைக்கிழங்கும். பஸ் டிரைவரான அவள் கணவர் சீக்கிரமே வந்துவிட்டார். ரேடியோ தட்டில் தாளம் போட்டுக்கொண்டே, "அப்பா, இது யாரு சொல்லு?" என்று ஒரு குரலில் பேசினாள். மூக்கால் இழுத்து, வார்த்தைக்கு நடுவே மூச்சு வாங்குகிற குரல்.

"யாருடி இது? புதுசா இருக்கே!"

"பம்பரம்! அவ குரல்லயே இப்ப எனக்குப் படிக்க வரும். டேப்பு ஏமாந்துபோயிடும்."

டிரைவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "நீ எதுக்கு அவ குரல்ல படிக்கிறே?"

"பச்சைக்காக. அம்மாதான்..." என்று ஆரம்பித்த ரேடியோ அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். அவள் பாதியில் நிறுத்துவது அபூர்வம்.

ரேடியோ கை கழுவப் போனதும் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். டிரைவர் கேட்டுவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார்.

"சரி, விடு. இன்னும் கொஞ்ச மாசம்தான். அடுத்த வருஷம் வேற டீச்சர், வேற கிளாஸ். தானா சரியாயிடும்."

"எப்படிங்க தானா சரியாகும்? அவளுக்குப் படிக்க வரலை. வரலைன்னு சொல்றதுக்கு இப்ப ஒரு ஆளும் இல்லை. மேல்படியில இருந்து இறக்கணும்னா காரணம் எழுதி பெரிய சார் ஒப்புதலோட மேல அனுப்பணும். என்னன்னு எழுத?"

"டேப்பு ரிப்பேர்னு எழுது."

"ரிப்பேர் பாக்க ஆள் வருவாங்க. டேப்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க."

"அப்ப எழுதாதே." அவர் குரல் தணிந்தது. "இந்தா பாரு, நீ என்ன, வேணும்னு கெடுத்தியா? வேலை போச்சுன்னா என்ன பண்ணுவோம்? அதை யோசி முதல்ல."

யோசித்தாள். யோசிக்க யோசிக்க உருளைக்கிழங்குத் தோல்தான் கண்முன்னால் வந்தது. ஒரு வார்த்தை. 'வேண்டாம்டி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல அப்போது என்ன கேடு வந்தது?

படுக்கப் போகும்போது ரேடியோ கேட்டாள்: "நாம பண்ணது தப்பாம்மா?"

"நீ பண்ணலை. நான் பண்ணேன்."

"ஆனா குரல் என்னோடதுதானே?"

டீச்சர் விளக்கை அணைத்தாள். போர்வையை இழுத்து மகளின் கழுத்துவரை மூடினாள்.

வியாழக்கிழமை காலை பெரிய சார் அறையில் போய் நின்றாள். அவர் ஆஸ்துமா மருந்தை உறிஞ்சிவிட்டு, கண்ணில் நீர் தளும்ப நிமிர்ந்தார். டீச்சர் நடந்ததையெல்லாம் சொன்னாள். முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"அதோட நிக்கட்டும். டீச்சர், வந்த பச்சையை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? ஒரு பிள்ளைக்குப் பொய்னு எழுதினா, எல்லாப் பிள்ளைக்கும் பொய்யான்னு கேப்பாங்க. மழையில படிச்ச நல்ல பிள்ளைங்களும் மாட்டும். பள்ளிக்கூடம் மாட்டும். நான் மாட்டுவேன். நீங்களும்தான்."

"அந்தப் பொண்ணு ஏற்கெனவே மாட்டிக்கிச்சு சார்."

"நீங்களே மத்தியானத்துல சொல்லிக்குடுங்களேன்!"

"என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறா."

பெரிய சார் சுவரிலிருந்த திரையைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு வயல் மாதிரி மினுமினுத்தது. "நாளைக்குப் பேசலாம்" என்றார். நாளைதான் வெள்ளிக்கிழமை என்பது அவருக்கும் தெரியும்.

பள்ளி விட்டதும் ரேடியோவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டீச்சர் சலவைக்கடைக்குப் போனாள். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். ஒரு தடவை திரும்பியே விட்டாள். தெருமுனைவரை வந்து, மறுபடியும் கடையை நோக்கி நடந்தாள்.

கடைக்குள் நுழைந்ததும் நீராவி முகத்தில் அறைந்தது. மழையில் துணி காயாமல் கொடிகொடியாக ஓட்டல் படுக்கை விரிப்புகள் தொங்கின. சோப்பும் ஈரமும் சூடான பருத்தியும் கலந்த வாசனை. நீள மேசையின் ஒரு கோடியில் பம்பரத்தின் அம்மா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் கை. சட்டை அவள் கையில் தானாகத் திரும்பிக் கொடுத்தது. இன்னொரு கோடியில் வயதான ஒரு அக்கா துணிகளை மடித்து நம்பர் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள்.

"அட, டீச்சர்! உள்ள வாங்க. அக்கா, நான் சொன்னேன்ல, எங்க டீச்சர்!"

"அந்த வாழ்த்துச் சொன்ன அம்மாவா?" என்றாள் மடிக்கிற அக்கா. "குரல் வேற மாதிரி இருக்கே?"

"அது போனுல வர்ற குரல்க்கா. நீ வேற! டீ சொல்லட்டுமா டீச்சர்?"

"வேண்டாம்மா. ஒரு விஷயம் சொல்லணும்." டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "உன் பொண்ணுக்குப் படிக்க வரலைம்மா."

பம்பரத்தின் அம்மா சிரித்தாள். "என்ன டீச்சர் விளையாடறீங்க? அதான் பச்சை விழுந்துச்சே."

"அது அவளுக்கு விழுந்தது இல்லை. அவ படத்தை அமுக்கிட்டு என் பொண்ணு படிச்சா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தினமும்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் அதை நிமிர்த்தி வைத்தாள். பின்னால் கைவிட்டுச் சுவிட்சை அணைத்தாள். தொழில் பழக்கம். அப்புறம்தான் தலை நிமிர்ந்தாள்.

"எதுக்கு டீச்சர்?"

"கிளாஸ் முழுக்கப் பச்சையா இருக்கணும்னு."

"அதுக்கு இவளா கிடைச்சா?"

"பச்சையாயிட்டதால அந்தத் துணை டீச்சர்கிட்ட போற இடமும் அவளுக்குப் போச்சு. நாளைக்குள்ள உண்மையை எழுதிக் குடுத்தா திரும்பக் கிடைக்கும். எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்கு முன்னால உன்கிட்ட சொல்லணும்னு..."

"படிக்காதவங்களை ஏமாத்தறது என்ன பெரிய வேலையா? நல்ல டீச்சர்ம்மா!" என்று மடிக்கிற அக்கா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு அக்கா." பம்பரத்தின் அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சிவப்புன்னே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் என்ன பண்ணியிருப்பேன்? அடிச்சிருப்பேனா? சிவப்பா இருந்தாலும் எம்பொண்ணுதானே. உங்ககிட்ட பச்சை கேட்டு நாங்க வந்தோமா?"

"இல்லைம்மா."

"நான் ஏமாந்தது போகட்டும். எனக்கு அது புதுசு இல்லை. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் அந்தப் போனைப் போட்டுக் காட்டினேனே! அவளும் இங்கதானே இருந்தா! போடும்போதெல்லாம் மேசைக்கு அடியில போய் உக்காந்துக்குவா. வெக்கப்படறான்னு நினைச்சு நான் சிரிச்சேன் டீச்சர். சிரிச்சேன்."

அப்போதுதான் டீச்சர் குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு பம்பரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வெளியே வா கண்ணு" என்றாள் டீச்சர்.

வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள்: "நான் எடுக்கலை டீச்சர்."

"எதைம்மா?"

"ரேடியோ குரலை. நான் எடுக்கலை. அதுவா வந்து என் படத்துல உக்காந்துக்கிச்சு."

டீச்சருக்குப் புரியவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்தாள். ஈரத்தரை முழங்காலில் சில்லிட்டது.

"டேப்புல காது படம் இருக்குமில்ல டீச்சர், அதை அமுக்கினா நாம படிச்சது கேக்கும். அதுல ரேடியோ குரல் வந்துச்சு. என்னை மாதிரியே பேசுது, ஆனா ரேடியோதான். எனக்குத் தெரியும்." பம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. "அதை அழிக்கிறதுக்காக நான் தினமும் காலையில திரும்பத் திரும்பப் படிச்சேன். அழிஞ்சிடும். ஆனா மறுநாள் பாத்தா மறுபடியும் வந்திருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்து படிக்கச் சொன்னப்போ, படிச்சா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு..."

"கண்டுபிடிச்சா?"

"திருடின்னு சொல்லுவீங்க."

கடைக்குள் நீராவிக் குழாய் மட்டும் உஸ்ஸென்றது. மடிக்கிற அக்கா ஒரு தலையணை உறையைப் பிரித்து, மடித்து, மறுபடியும் பிரித்தாள். பம்பரத்தின் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ திருடலை கண்ணு" என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "எடுத்தது நான். உன்கிட்ட இருந்து நான்தான் எடுத்தேன்."

பம்பரம் அவளைப் பார்த்தாள். நம்புகிற பார்வையா என்று டீச்சரால் சொல்ல முடியவில்லை.

"கிளம்புங்க டீச்சர்" என்றாள் அவள் அம்மா சுவரைப் பார்த்தபடியே. "நாளைக்கு என்ன பண்றீங்களோ அதைப் பண்ணுங்க. அதைப் பாத்துட்டு உங்ககிட்ட பேசறதா வேண்டாமான்னு நான் யோசிக்கிறேன்."

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலைத் திறந்தவளே டீச்சர்தான் என்று சொல்லிவிடலாம். பெரிய சார் வருவதற்குள் டேப்பில் படியிறக்கும் படிவத்தைத் திறந்து, காரணம் கேட்கும் கட்டத்தில் எழுதி வைத்திருந்தாள். மாணவி வாசிக்கவில்லை. வகுப்பாசிரியையின் மகள் வாசித்தாள். வகுப்பாசிரியைக்குத் தெரிந்தே நடந்தது. மழை நாட்களில் வேறு சில பிள்ளைகளுக்கும் இப்படியே நடந்தது.

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மெதுவாகப் படித்தார்.

"யோசிச்சுட்டீங்களா? மெமோ வரும். விசாரணைகூட வரலாம்."

"வரட்டும் சார்."

"'ஏதாவது பண்ணுங்க'ன்னு சொன்னது நான். அதையும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதலை சார்."

அவர் மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்தார். எழுதியிருந்தால் கோபப்படலாம். எழுதாமல் விட்டதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை வேட்டுச் சத்தம் கேட்டவர்போல வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

துணை டீச்சரின் பட்டியலில் கடைசிப் பெயராகப் பம்பரம் ஏறினாள்.

அன்று மழை இல்லை. வராந்தாவில் பாய் விரித்திருந்தது. பம்பரத்தை அவள் அம்மாவே கொண்டுவந்து விட்டாள். டீச்சரைப் பார்த்தும் பேசவில்லை. படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள். வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணை டீச்சர் டேப்பைப் பம்பரத்தின் மடியில் வைத்தாள். முதல்படிப் பாடம். பெரிய எழுத்தில் இரண்டே வார்த்தைகள்.

பம்பரம் உதட்டை மடித்தாள். பிறகு விரலை வைத்து, மூச்சு வாங்கி, "ம... ர... மர... மரம்" என்றாள். அடுத்ததற்கு இன்னும் நேரம் பிடித்தது. "ப... ட... பட..." அங்கேயே நின்றுவிட்டாள். டேப் காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் படத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டது.

பம்பரம் சிவப்பைப் பார்க்கவே இல்லை. அவள் விரல் நேராகக் காது படத்துக்குப் போய் அமுக்கியது. 'ம... ர... மர... மரம்' என்றது டேப், மூக்கால் இழுத்து.

அவள் நிமிர்ந்து, வாசல்படியில் நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

"இது நான்தானே டீச்சர்?"

"நீதாண்டி கண்ணு. நீயேதான்."

பம்பரம் டீச்சரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள மனமில்லாதவள்போல, டேப்பைத் தூக்கித் தன் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினாள்.